ஸ்பைடரில் கிராஃப் ஏன் அசைய மறுக்கிறது?

கேள்வி இதுதான்: பைதான் நிரல் எழுதி ஓட்டும் ஸ்பைடர் செயலியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தை வைத்து கிராஃப் வரைந்தால் வலது பக்கத்தில் அசையாத படமாக வந்து நிற்கிறது. பெரிதாக்கிப் பார்க்கவோ, இழுத்து நகர்த்தவோ, ஒரு புள்ளியின் மதிப்பைப் படிக்கவோ வழியில்லை. அதே தரவை ப்ளாட்லி என்ற இன்னொரு நூலகத்தில் வரைந்தால் படமே வருவதில்லை. யார் யாரோ சொன்ன பேக்கேஜ்களையெல்லாம் பிப் என்ற இன்ஸ்டால் கட்டளை மூலம் போட்டுப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை.

முதலில் பேக்கேஜ் போடுவதை நிறுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அநேகமாக எந்தக் குறையும் இல்லை. படமாகக் கொடு என்று ஸ்பைடருக்குச் சொல்லிவைத்திருக்கிறது, அது படமாகக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கான வழி முதலில். கட்டளைகளை ஒலிப்பை ஒட்டித் தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஸ்பைடரின் ஐபைதான் கன்சோலில், அதாவது கட்டளை தட்டும் பெட்டியில், இந்த ஒரு வரி:

%மேட்பிளாட்லிப் க்யூடி

பிறகு கிராஃபை மறுபடி வரையுங்கள். இந்த முறை தனி விண்டோ திறக்கும். அதில் ஒரு டூல்பார் இருக்கும்: பூதக்கண்ணாடியை அழுத்திவிட்டு ஒரு பகுதியைச் சுற்றி மவுஸால் கட்டம் போட்டால் அந்தப் பகுதி விரியும், நான்கு பக்க அம்புக்குறியால் நகர்த்தலாம், வீட்டுப் படத்தை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். மவுஸ் போகும் இடத்தின் எக்ஸ், ஒய் மதிப்புகள் விண்டோவின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி படமாக வேண்டுமென்றால் %மேட்பிளாட்லிப் இன்லைன்.

ஒவ்வொரு முறையும் தட்டச் சோம்பலாக இருந்தால் டூல்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் ஐபைதான் கன்சோல், அதில் கிராஃபிக்ஸ் என்ற தாவல். அங்கே பேக்எண்ட் என்ற இடத்தில் இன்லைன் என்று இருப்பதை ஆட்டோமேட்டிக் அல்லது க்யூடி என்று மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் இதுவே க்யூடி5 என்று இருக்கும். மாற்றிய பின் கெர்னலை (உங்கள் நிரலைப் பின்னாலிருந்து ஓட்டும் பைதானை) ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது. செட்டிங்கை மாற்றினேன், பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பாதிப் பேருக்கு இத்துடன் வேலை முடிந்துவிடும். மீதிப் பேருக்கு இது ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை விஎஸ் கோடு, ஜூபிட்டர் போன்ற வேறு செயலிகளில் இதே சிக்கல் வேறு உருவில் வரும்போது தடுமாற மாட்டார்கள்.

மேட்பிளாட்லிப் தானாக எதையும் திரையில் காட்டுவதில்லை. கோடு எங்கே, எழுத்து எங்கே, என்ன நிறம் என்று கணக்குப் போடுவது மட்டும் அதன் வேலை. அந்தக் கணக்கை வாங்கிப் படமாகவோ விண்டோவாகவோ ஆக்குவதற்குத்தான் பேக்எண்ட். இவற்றில் இரண்டு சாதி. ஏஜிஜி, பிடிஎஃப், எஸ்விஜி போன்றவை கோப்பில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். க்யூடி, டிகே, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ், மேக்ஓஎஸ் என்பவை உயிருள்ள விண்டோ ஒன்றைத் திறந்து உங்கள் மவுஸுக்காகக் காத்திருக்கும். இன்லைன் என்பது முதல் சாதி. கிராஃபை ஏஜிஜி மூலம் பிஎன்ஜி படமாக மாற்றி, அந்தப் படத்தைக் கன்சோலுக்கோ ஜூபிட்டர் நோட்புக்குக்கோ அனுப்பிவிடும். படம் போய்ச் சேர்ந்ததும் அந்த கிராஃபையே மூடியும் விடும். உங்கள் கண் முன்னால் இருப்பது புகைப்படம். அதைக் கிள்ளினால் அதில் இருப்பவருக்கு வலிக்காது.

ஸ்பைடரின் ப்ளாட்ஸ் பலகத்திலும் பெரிதாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை நம்பி ஏமாறாதீர்கள். அது படத்தைத்தான் உப்பவைக்கும், அச்சுகளின் எல்லையை மாற்றாது. இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தடித்த ஒரே கோடாகத்தான் தெரியும். டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை) கூட்டுவதும், ரெட்டினா வடிவத்துக்கு மாற்றுவதும் அதே கதை. படம் தெளியும், அசையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேட்பிளாட்லிப்பைத் தொடங்கிய ஜான் ஹண்டர் நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து பதிவான மின்னலைகளைத் திரையில் பார்த்து ஆராய மேட்லேப் போன்ற ஒரு வசதியைப் பைதானில் தேடி, கிடைக்காமல், தானே எழுதினார். முதல் வெளியீடு 2003இல். அந்த வேலைக்கு அசையாத படம் போதவே போதாது. அலைகளை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக உயிருள்ள விண்டோதான் இதன் பிறவிக் குணம். படமாகப் பதியும் வழக்கம் பின்னால் வந்தது, 2011 வாக்கில் ஐபைதானின் க்யூடி கன்சோலும் நோட்புக்கும் வந்தபோது. இன்று புதிதாகப் படிக்க வருபவர்களில் பலருக்கு அந்தப் படம்தான் மேட்பிளாட்லிப்.

இன்லைனை முன்னிருப்பாக வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எழுதிய நிரலும் அதன் விடையும் ஒரே இடத்தில் இருக்கும். நாற்பது படங்கள் வரைந்தாலும் நாற்பது விண்டோ திறந்து திரையை அடைக்காது. கெர்னல் எங்கோ இருக்கும் சர்வரில் ஓடினாலும் படம் வந்து சேரும். தரவைத் துருவிப் பார்க்கும் நேரத்தில் மட்டும்தான் அது இடைஞ்சல். என் கன்சோல் எப்போதும் இன்லைனில்தான் இருக்கும். தேவைப்படும்போது மட்டும் க்யூடிக்கு மாறிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சிக்கல் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் படத்தை இப்போது யார் வரைகிறார்கள் என்பது. அதற்கு விடை தரும் வரி:

மேட்பிளாட்லிப்.கெட்_பேக்எண்ட்()

விடையில் இன்லைன் என்ற சொல் வந்தால் மேலே சொன்னதுதான் காரணம். க்யூடிஏஜிஜி, டிகேஏஜிஜி என்று வந்தால் விண்டோ திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில். வெறும் ஏஜிஜி என்று வந்தால்தான் கொஞ்சம் தோண்ட வேண்டும். விண்டோ திறக்கும் கருவி எதுவுமே கிடைக்காதபோது மேட்பிளாட்லிப் கடைசியாக வந்து நிற்கும் இடம் அது. அப்போது ஷோ என்று அழைத்தால், இது விண்டோ இல்லாத பேக்எண்ட், காட்ட முடியாது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

வெறும் ஏஜிஜிக்கு மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரலின் தலைப்பகுதியில் மேட்பிளாட்லிப்.யூஸ் என்று ஏஜிஜியைக் கேட்கும் ஒரு வரி ஒளிந்திருக்கும். சர்வரில் ஓடுவதற்காக யாரோ எழுதியது. அதை நீக்கினால் போதும். இரண்டு, எம்பிஎல்பேக்எண்ட் என்ற சூழல் மாறியில் (கம்ப்யூட்டரின் அமைப்பில் பதிந்திருக்கும் ஒரு மதிப்பு, பெயர் முழுக்கப் பேரெழுத்தில்) யாராவது ஏஜிஜி என்று வைத்திருப்பார்கள். ஜூபிட்டரின் கெர்னலே இந்த மாறியில் இன்லைன் என்று எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அதனால் நோட்புக்குக்குள்ளிருந்து ஆச்சரியக்குறி போட்டு இன்னொரு பைதான் கோப்பை ஓட்டினால் அந்தக் கோப்புக்கும் இது தொற்றிக்கொள்ளும். டெர்மினலில் நேராக ஓட்டினால் விண்டோ வரும், நோட்புக்கிலிருந்து ஓட்டினால் வராது. காரணம் தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்று, உண்மையிலேயே க்யூடியோ டிகேயோ இல்லாமல் இருப்பது.

மூன்றாவதில்தான் இன்ஸ்டால் செய்யும் வேலை வருகிறது. அதிலும் எங்கே இன்ஸ்டால் செய்கிறீர்கள் என்பதே முக்கியம். ஸ்பைடர் ஒரு என்விரான்மென்ட்டிலும் (பைதானும் அதன் பேக்கேஜ்களும் தனியாகக் குடியிருக்கும் வீடு) உங்கள் நிரலை ஓட்டும் கெர்னல் வேறொரு என்விரான்மென்ட்டிலும் இருக்கலாம். தனி இன்ஸ்டாலர் மூலம் ஸ்பைடரைப் போட்டு, ப்ரிஃபரன்சஸில் உங்கள் சொந்த பைதானைக் காட்டியிருந்தால் அப்படித்தான் இருக்கும். ஸ்பைடரே க்யூடியில் எழுதப்பட்டதுதானே, க்யூடி ஏற்கெனவே இருக்குமே என்று தோன்றும். இருக்கும், ஆனால் ஸ்பைடரின் வீட்டில். விண்டோவைத் திறக்கப் போவது கெர்னல். அதன் என்விரான்மென்ட்டில் க்யூடியைப் பைதானோடு இணைக்கும் பைக்யூடியோ பைசைடோ இருந்தால்தான் திறக்கும். ஆகவே அந்த என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்துவிட்டு அதற்குள் போடுங்கள்.

தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. அனகோண்டா என்ற பைதான் தொகுப்பில் ஸ்பைடர் இருக்கும் அதே என்விரான்மென்ட்டில் பிப் மூலம் பைக்யூடியைப் போட்டுவிடுவார்கள். அந்தத் தொகுப்பின் இன்ஸ்டால் கருவியான கோண்டா போட்ட க்யூடியும் பிப் போட்ட க்யூடியும் மோதிக்கொண்டு, மறுநாள் ஸ்பைடரே திறக்காது. அந்த என்விரான்மென்ட்டில் க்யூடி சம்பந்தப்பட்ட எதையும் கோண்டா வழியாக மட்டுமே தொடுங்கள். இதைப் போலவே லினக்ஸில் ஓப்பன்சிவி என்ற பட ஆய்வு நூலகமும் ஒரு தொந்தரவு. பிப்பில் வரும் ஓப்பன்சிவி பேக்கேஜ் தனக்கென்று க்யூடி கோப்புகளைக் கொண்டுவரும். எக்ஸ்சிபி ப்ளக்இன்னை ஏற்ற முடியவில்லை என்று ஒரு பிழை வந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஓப்பன்சிவியின் சொந்த விண்டோ உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதன் ஹெட்லெஸ் பதிப்பை மாற்றிப் போட்டால் சண்டை தீரும்.

உபுண்டுவில் சிஸ்டம் பைதானைப் பயன்படுத்துபவர்களுக்கு டிகே தனியாக வரும். ஆப்ட் மூலம் பைதான்3-டிகே என்ற பேக்கேஜைப் போட வேண்டும். பிப்பில் தேடினால் கிடைக்காது. விண்டோஸில் பைதான் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரில் டிகே சேர்ந்தே வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே கெர்னலில் க்யூடிக்கு ஒரு முறை மாறிய பின் டிகேக்கு மாற முயன்றால் ஐபைதான் முடியாது என்று சொல்லிவிடும். விண்டோக் கருவி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை அது உள்ளே விடாது. இன்லைனுக்கும் க்யூடிக்கும் இடையே தாராளமாகப் போய் வரலாம். டிகேதான் வேண்டும் என்றால் கெர்னலை ரீஸ்டார்ட் செய்துவிட்டு முதலிலேயே அதைக் கேளுங்கள்.

அடுத்து, விண்டோ திறக்கிறது, ஆனால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது, பதிலளிக்கவில்லை என்கிறது என்ற புகார். இது வேறு ரகம். விண்டோ உயிரோடு இருக்க அதற்குப் பின்னால் ஈவென்ட் லூப் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்: மவுஸ் நகர்ந்ததா, விசை அழுத்தப்பட்டதா, மறுபடி வரைய வேண்டுமா என்று பார்க்கும் சுழல். உங்கள் பைதான் நிரலும் அந்தச் சுழலும் ஒரே இழையில்தான் ஓடுகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்கும். நீங்கள் கன்சோலில் சும்மா இருக்கும் நேரத்தில் ஐபைதான் அந்தச் சுழலுக்கு வழிவிடுகிறது. அதனால்தான் விண்டோவில் ஜூம் செய்துகொண்டே கன்சோலிலும் தட்ட முடிகிறது. நீங்கள் நீண்ட ஃபார் லூப் ஒன்றை ஓடவிட்டால் அது முடியும்வரை சுழலுக்கு இடம் கிடைக்காது, விண்டோ உறைந்துபோகும்.

சென்சாரிலிருந்து அளவுகளைப் படித்து நேரலையாக கிராஃபில் காட்டுபவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதில் விழுவார்கள். மருந்து எளிது. லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும்

பிஎல்டி.பாஸ்(0.01)

என்று (நிறுத்திவை என்ற பொருளில் வரும் பாஸ்) ஒரு வரி சேர்த்தால் அந்த நொடித்துளியில் சுழல் ஓடி, புதுக் கோட்டை வரைந்து, உங்கள் கிளிக்கையும் கவனித்துவிட்டுத் திரும்பும். டைம்.ஸ்லீப் இதற்கு ஈடாகாது. அது தூங்கும், சுழலையும் தூங்கவைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிளாட்டைப் புதிதாக அழைக்காமல், முதலில் வரைந்த கோட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் செட்_டேட்டாவை அழைப்பதுதான் நல்ல பழக்கம். இல்லாவிட்டால் ஆயிரமாவது சுற்றில் ஆயிரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், வேகம் படிப்படியாகச் செத்துவிடும்.

இதன் மறுபக்கம், விண்டோ மின்னலாக வந்து மறைவது. கன்சோலில் அருமையாக ஓடிய நிரலை டெர்மினலில் ஓட்டினால், அல்லது ஸ்பைடரின் ரன் அமைப்பில் வெளி டெர்மினலில் ஓட்டு என்பதைத் தேர்ந்திருந்தால், இது நடக்கும். நிரலில் எங்கோ பிஎல்டி.அயான் இருக்கும். அதுதான் ஊடாட்ட நிலையை இயக்குவது. அந்த நிலையில் ஷோ காத்திருக்காது. அடுத்த வரிக்குப் போகும், அடுத்த வரி இல்லையென்றால் நிரல் முடியும், நிரலோடு விண்டோவும் போகும். கடைசி வரியில் ஷோவுக்குள் பிளாக்=ட்ரூ என்று கொடுங்கள் (ட்ரூ என்பதன் முதல் எழுத்து மட்டும் எப்போதும் பேரெழுத்து). நீங்கள் மூடும்வரை நிற்கும்.

இனி ப்ளாட்லி. இங்கே மேட்பிளாட்லிப்பில் கற்ற எதுவும் செல்லாது. ப்ளாட்லி க்யூடியையும் டிகேயையும் தொடுவதே இல்லை. அது உருவாக்குவது ஜாவாஸ்கிரிப்ட் அடங்கிய ஒரு வலைப்பக்கத்தை. அதை ஓட்ட பிரௌசர் வேண்டும். ஸ்பைடரின் கன்சோல் பிரௌசர் அல்ல. எழுத்தையும் படத்தையும் காட்டத் தெரிந்த பெட்டி. ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொடுத்தால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாது, பேசாமல் இருந்துவிடும். உங்களுக்குப் பிழைகூட வராததன் காரணம் அதுதான். %மேட்பிளாட்லிப் க்யூடி என்று நூறு முறை தட்டினாலும் ப்ளாட்லி அசையாது, அது மேட்பிளாட்லிப்புக்கான கட்டளை.

ப்ளாட்லியிடம் எங்கே காட்ட வேண்டும் என்று சொல்ல ரெண்டரர் என்ற அமைப்பு இருக்கிறது:

இம்போர்ட் ப்ளாட்லி.ஐஓ ஆஸ் பிஐஓ
பிஐஓ.ரெண்டரர்ஸ்.டிஃபால்ட் = 'பிரௌசர்'

இனி ஷோ என்றதும் பிரௌசரில் புதுத் தாவல் திறந்து கிராஃப் வரும். ஒவ்வொரு நிரலிலும் எழுத வேண்டாமென்றால் ப்ளாட்லி_ரெண்டரர் என்ற சூழல் மாறியை, முழுக்க முழுக்கப் பேரெழுத்தில், ஒரு முறை அமைத்துவிடலாம்.

இதில் ஒரு பொறி. அந்தத் தாவலை ரெஃப்ரெஷ் செய்தால் பக்கம் காணாமல் போகும். பலர் பயந்துபோய் ப்ளாட்லி கெட்டுவிட்டது என்கிறார்கள். நடப்பது இதுதான்: ப்ளாட்லி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு குட்டி சர்வரைத் தொடங்கி, பக்கத்தை ஒரே ஒரு முறை பரிமாறிவிட்டு, சர்வரை மூடிவிடுகிறது. இரண்டாம் முறை கேட்டால் கொடுக்க ஆள் இல்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் ரைட்_ஹெச்டிஎம்எல் என்று கோப்பாக எழுதி, ஆட்டோ_ஓப்பன்=ட்ரூ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை மெயிலில் அனுப்பினால் பைதான் என்றால் என்னவென்றே தெரியாத உங்கள் மேலாளரும் பிரௌசரில் திறந்து ஜூம் செய்து பார்ப்பார். ப்ளாட்லியை நான் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே எடுப்பேன். ப்ளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் முழுவதும் உள்ளே இருப்பதால் ஒவ்வொரு கோப்பும் சில மெகாபைட் வரும். பெறுபவருக்கு இணையம் இருக்கும் என்றால் இன்க்ளூட்_ப்ளாட்லிஜேஎஸ் என்பதற்கு 'சிடிஎன்' என்று கொடுத்தால் கோப்பு சிறுத்துவிடும்.

போகே, ஆல்டேர் என்ற வரைபட நூலகங்கள் இரண்டும் இதே குடும்பம்தான், பிரௌசர் இல்லாமல் நகராது. போகேயில் அவுட்புட்_ஃபைல் என்று சொல்லிவிட்டு ஷோ அழைத்தால் கோப்பாக எழுதிப் பிரௌசரில் திறக்கும். நோட்புக்குக்குள் வேண்டுமானால் அவுட்புட்_நோட்புக்கை முதலில் அழைக்க வேண்டும்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஜூபிட்டரில் மேட்பிளாட்லிப்பை அசையவைக்க %மேட்பிளாட்லிப் நோட்புக் என்று ஒரு வரி இன்னமும் பல பாடங்களில் இருக்கிறது. அது பழைய நோட்புக்குக்கானது. ஜூபிட்டர்லேபிலும், 2023இல் வந்த நோட்புக் 7இலும் அது ஓடாது. ஐபைதான் வரையறுக்கப்படவில்லை என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிழைதான் வரும். இப்போது செய்ய வேண்டியது, ஐ-பி-ஒய்-எம்-பி-எல் என்ற ஆறு எழுத்துப் பேக்கேஜைக் கெர்னல் இருக்கும் என்விரான்மென்ட்டில் போட்டுவிட்டு, பக்கத்தை மறுபடி லோடு செய்து, %மேட்பிளாட்லிப் விட்ஜெட் என்று தட்டுவது. ஜூபிட்டரும் கெர்னலும் வெவ்வேறு என்விரான்மென்ட்டில் இருந்தால் இரண்டிலும் போட வேண்டும்.

விஎஸ் கோடின் இன்டராக்டிவ் விண்டோவிலும் அதே விட்ஜெட் வரி வேலை செய்யும். ப்ளாட்லி அங்கே தானாகவே வந்துவிடும், என்பிஃபார்மேட் என்ற பேக்கேஜ் இருந்தால். இல்லாவிட்டால் அதன் பெயரையும் 4.2.0 என்ற பதிப்பு எண்ணையும் சொல்லி ஒரு பிழை வரும். பிழைச் செய்தி தீர்வை இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம், சொன்னதைச் செய்து கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விஎஸ் கோடில் மேலே இருக்கும் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் நிரல் சாதாரண டெர்மினலில் ஓடும். அங்கே சதவீதக் குறிக் கட்டளைகள் செல்லாது, ஷோ மட்டுமே.

பைசார்ம் செயலியில் கிராஃப் ஓரத்துப் பலகத்துக்குள் படமாகப் போய் ஒட்டிக்கொண்டால் செட்டிங்ஸில் டூல்ஸ் பகுதியைப் பாருங்கள். பைதான் ப்ளாட்ஸ் என்று இருக்கும். சில பதிப்புகளுக்கு முன் பைதான் சயின்டிஃபிக் என்று இருந்தது. ப்ளாட்டுகளை டூல் விண்டோவில் காட்டு என்ற டிக்கை எடுத்துவிட்டால் தனி விண்டோ திரும்பி வரும்.

எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவில் இருக்கும் சர்வரில் வேலை செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கெர்னல் எந்த மெஷினில் இருக்கிறதோ அங்கேதான் விண்டோ திறக்கும், அங்கேதான் பிரௌசரும் திறக்கும். திரையே இல்லாத சர்வரில் க்யூடியைக் கேட்டால் டிஸ்ப்ளே இல்லை என்று கைவிரிக்கும். எஸ்எஸ்ஹெச்சை ஹைஃபன் பெரிய எக்ஸ் போட்டு அழைத்து எக்ஸ்11 மூலம் விண்டோவை இங்கே வரவழைக்கலாம். வீட்டு இணைய வேகத்தில் ஒரு ஜூமுக்கு டீ குடித்துவிட்டு வரலாம். சர்வரில் ஜூபிட்டர்லேபை ஓட்டி, போர்ட்டை இங்கே திருப்பி, உங்கள் பிரௌசரில் விட்ஜெட் முறையில் பார்ப்பதே நிம்மதி. விண்டோஸ் 11இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; லினக்ஸ் விண்டோக்கள் நேராகவே டெஸ்க்டாப்பில் வரும்.

விண்டோ வந்துவிட்டது, ஜூம் ஆகிறது, ஆனால் நீங்கள் சேர்த்த ஸ்லைடர் மட்டும் இழுத்தால் நகரவில்லை, அல்லது அனிமேஷன் முதல் காட்சியோடு நிற்கிறது. இதில் பேக்எண்டுக்குப் பங்கில்லை. ஸ்லைடரையோ ஃபங்க்அனிமேஷனையோ ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கிவிட்டு வெளியே எந்த மாறியிலும் வைக்காவிட்டால், ஃபங்ஷன் முடிந்ததும் இதை யாரும் பயன்படுத்தவில்லை என்று பைதான் அதைக் குப்பையில் போட்டுவிடும். படம் திரையில் இருக்கும், அதை இயக்கும் பொருள் நினைவகத்தில் இருக்காது. மேட்பிளாட்லிப் கிளிக் போன்ற நிகழ்வுகளுக்குக் கட்டிவைக்கும் ஃபங்ஷன்களைத் தளர்வாகவே பிடித்திருக்கும், அதற்காக எதையும் உயிரோடு வைத்திருக்காது. அனிமேஷன் எதையும் வரையாமலே நீக்கப்பட்டது என்ற எச்சரிக்கை வந்தால் இதுதான். உருவாக்கியதை ஏஎன்ஐ = என்று ஒரு மாறியில் வாங்கி, ஃபங்ஷனிலிருந்து ரிட்டர்ன் செய்து, வெளியிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியின் மேல் மவுஸ் வைத்தால் மதிப்பு தோன்ற வேண்டும் என்பது பலர் கேட்கும் இன்னொன்று. ப்ளாட்லியில் அது கூடவே வருகிறது. மேட்பிளாட்லிப்பில் எம்பிஎல்கர்சர்ஸ் என்ற சிறிய பேக்கேஜைப் போட்டு, வரைந்த பிறகு எம்பிஎல்கர்சர்ஸ்.கர்சர்(ஹோவர்=ட்ரூ) என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நீங்கள் கிளிக் செய்யும் இடங்களின் மதிப்புகளையே நிரலுக்குள் வாங்க வேண்டுமென்றால் பிஎல்டி.ஜின்புட் இருக்கிறது. ஐந்து புள்ளிகள் வேண்டும் என்று கேட்டால் ஐந்து கிளிக்குக்குக் காத்திருந்து அவற்றின் எக்ஸ், ஒய் மதிப்புகளைக் கொடுக்கும். அலைகளில் உச்சி எங்கே என்று கண்ணால் பார்த்துக் குறிக்கும் வேலைக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. இன்லைனில் இது ஓடாது என்று சொல்லத் தேவையில்லை. டூல்பாரைத் தேடாமல் விசைப்பலகையிலும் ஓட்டலாம்: ஓ அழுத்தினால் ஜூம், பி அழுத்தினால் நகர்த்தல், ஜி அழுத்தினால் கட்டக் கோடுகள், எல் அழுத்தினால் ஒய் அச்சு லாக் அளவுக்கு மாறும், க்யூ அழுத்தினால் விண்டோ மூடும்.

கடைசியாக எதை எதற்கு எடுப்பது. நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு வருட வெப்பநிலை அளவுகள் என்றால் 5,25,600 புள்ளிகள். மேட்பிளாட்லிப்பின் க்யூடி விண்டோ இதைப் பெரிய சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமான புள்ளிகளைக் கோட்டிலிருந்து தானே தள்ளிவிட்டு வரையும். ப்ளாட்லியில் அத்தனை புள்ளிகளும் பிரௌசருக்குப் போக வேண்டும். எஸ்விஜியாக வரைந்தால் பிரௌசர் மூச்சுத் திணறும். ஸ்கேட்டர் என்பதற்குப் பதில் ஸ்கேட்டர்ஜிஎல் பயன்படுத்தினால், கிராஃபிக்ஸ் கார்டை வைத்து வரையும் வெப்ஜிஎல் வழியாக ஓடும். ப்ளாட்லி எக்ஸ்பிரஸில் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டினால் அதுவே வெப்ஜிஎல்லுக்கு மாறிக்கொள்கிறது. ஆல்டேர் இன்னும் கறார், 5,000 வரிசைகளுக்கு மேல் கொடுத்தால் பிழை சொல்லி நிறுத்திவிடும். அந்த எல்லையைத் தளர்த்தலாம், ஆனால் நோட்புக் கோப்பு ஊதிப் பெருக்கும். ஆகவே உங்கள் மேசையில் நீங்கள் மட்டும் துருவும் பெரிய தரவுக்கு ஸ்பைடரும் க்யூடியும். சுருக்கித் தொகுத்ததைப் பிறருக்குக் காட்ட ப்ளாட்லியின் ஹெச்டிஎம்எல் கோப்பு.

இதற்கு மேலும் அடம்பிடித்தால் கெட்_பேக்எண்ட் தந்த விடை, கெர்னலில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் காட்டும் பாதை, %மேட்பிளாட்லிப் க்யூடி தட்டியபோது வந்த பிழையின் கடைசி வரி, இந்த மூன்றையும் எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம், எந்த வீட்டில் எது குறைகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.